நின்று கேட்ட சிங்களம்

மத்தியான ளுஹர் பாங்கு சொல்லி நெடுநேரமாகியும் படகு வரவில்லை.

கண்டக்குழிக் கரையில் அன்று யாரும் உரத்துப் பேசவில்லை. வலை பொத்துகிறவர்கள் வலையைப் பொத்தினார்கள். கருவாடு காயப் போட்டிருந்தவர்கள் அதைப் புரட்டிப் போட்டார்கள். ஆனால் எல்லோருடைய கண்ணும் வடக்கே போய்ப் போய்த் திரும்பியது. முந்திய நாள் பின்னேரம் புறப்பட்ட அஸாமும் றிம்ஸானும் விடியும் முன் கரையேறியிருக்க வேண்டும். இரவில் வாடைக் காற்று மூர்க்கமாக எழும்பிவிட்டது. காலையில் தேடிப் போன படகுகள் அலைக்கு முகங்கொடுக்க முடியாமல் பாதியில் திரும்பி வந்திருந்தன.

அஸாமின் மனைவி றுக்கியா தண்ணீரின் விளிம்பில், முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் றிம்ஸானின் தாய் சாரா உம்மா ஈர மணலில் குந்தியிருந்து புலம்பிக்கொண்டிருந்தாள்.

“வாயத் தொறந்து கத்துடி. கல்லாட்டம் நிக்கிறா. ஒன்ட மாப்பிளயும்தானே போனவரு.”

“கத்தினா போட் வந்திருமா மாமி?”

“வராதுதான். நெஞ்சு வெடிக்காம இரிக்கும்.”

படகு எங்கே போனது என்பது கரையில் எல்லோருக்கும் தெரியும். எவரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். அஸாம் சுழியோடி. மன்னார்ப் பக்கத்தில் பிறந்தவன். கடலின் அடியில் மண்ணைத் தடவிக் கடலட்டை பொறுக்குவதில் அவனுக்கு இணையாகக் கரையில் ஆள் இல்லை. அட்டை குளிக்க அரசாங்கத்தின் அனுமதி வேண்டும், ‘பாஸ்’ என்பார்கள். அது இல்லாமல், இரவில் விளக்கோடும் காற்றுச் சிலிண்டரோடும் குதிரைமலைப் பக்கம் போவது பிடிபட்டால் மறியல், சிறைவாசம். படகும் போகும், என்ஜினும் போகும். படகும் என்ஜினும் நூர்தீன் ஹாஜியாருடையவை. போகச் சொன்னவரும் அவர்தான்.

அந்தக் காற்றுக்குத் தாக்குப்பிடித்துப் போகக்கூடியது கடற்படையின் படகு ஒன்றுதான். கரையின் கோடியில் அவர்களுடைய காவலரண் இருந்தது. யுத்தம் முடிந்து இரண்டாவது வருடம் அது. அங்கே போய்ப் பேச வேண்டுமானால் சிங்களம் வேண்டும். சிங்களம் வேண்டுமானால் ஹாஜியார் வேண்டும்.

கரையில் மற்றவர்களுக்குச் சிங்களம் அறவே தெரியாது என்றில்லை. ஐஸ் லொறிக்காரரோடு பேரம் பேசும் அளவுக்கு, சோதனைச் சாவடியில் பெயரைச் சொல்லும் அளவுக்குப் பலருக்குத் தெரியும். ஆனால் ஹாஜியாருடைய சிங்களம் வேறு. சிறுவயதில் அவருடைய வாப்பா அவரைச் சிலாபத்தில் வியாபாரக் கூட்டாளி ஒருவரின் வீட்டில் விட்டுச் சிங்களப் பள்ளிக்கூடத்தில் படிக்க வைத்தார். அந்த வீட்டுப் பிள்ளைகளோடு ஒரே மேசையில் சாப்பிட்டு, சண்டை பிடித்து, பகிடி விட்டுப் பழகிய சிங்களம் அது. பொலிஸ்காரரைச் சிரிக்க வைக்கும், அரசாங்கக் கந்தோரில் கதிரை எடுத்துப் போட வைக்கும். கரையிலுள்ளவர்கள் தங்கள் முறைப்பாட்டையும் மன்றாட்டத்தையும் அவரிடம் தமிழில் கொடுத்துவிட்டு, அவர் அதைச் சிங்களத்தில் என்ன செய்கிறார் என்று தெரியாமல் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

றுக்கியாவுக்குச் சிங்களம் விளங்கும் என்பது அந்தக் கரையில் ஒருவருக்கும் தெரியாது. அஸாமுக்கும் தெரியாது.

தொண்ணூறாம் ஆண்டு மற்ற முஸ்லிம்களோடு மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்தபோது அவள் பதினொரு வயதுச் சிறுமி. கற்பிட்டிப் பக்கத்து முகாமில் கிடுகுக் கொட்டில். அடுத்த வருடமே மாரவிலையில் ஒரு பெரிய வீட்டுக்கு அவளை வேலைக்கு அனுப்பினார்கள். சிங்களச் சீமாட்டி எமிலியா நோனாவின் வீடு. தென்னந்தோட்டம், லொறி, சாரதி, சமையற்காரி, வாரத்துக்கு ஒருமுறை தேங்காய் பறிக்க வரும் ஆட்கள். அந்த வீட்டில் அவளுக்கு ஒரு சட்டம் இருந்தது. கேட்டால் ஒழிய வாய் திறக்கக் கூடாது. கேட்டாலும் “ஹா நோனா” என்று ஆமோதிப்பதற்கு மேல் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. தட்டத்தை ஏந்திக்கொண்டு சமையலறை வாசலில் நிற்க வேண்டும்.

நின்றாள். ஏழு வருடம் நின்றாள். நின்றபடி கேட்டாள்.

நோனா சாரதியை ஏசுவதைக் கேட்டாள். தேங்காய் பறிக்கிறவர்களைக் கூப்பிடுவதை, மீன்காரனை விரட்டுவதை, சமையற்காரியை அதட்டுவதைக் கேட்டாள். முதலில் இரைச்சலாக இருந்தது பிறகு சொல்லாகப் பிரிந்தது. பிறகு முழு வசனமாகத் தலைக்குள் தங்கியது. நோனாவின் மூச்சு எங்கே ஏறும், எங்கே இறங்கும் என்பது வரைக்கும் அவளுக்குப் பாடமாகிவிட்டது. ஆனால் ஒரு வசனத்தையேனும் வாயில் வைத்துப் பார்க்க அவளுக்கு அங்கே அனுமதி இருக்கவில்லை.

நோனாவின் மூத்த மகள் அரசாங்க உத்தியோகத்தில் இருந்தாள். தமிழ் படித்தால் சம்பளத்தில் கூடுதலாக ஏதோ கிடைக்கும் என்று, சனிக்கிழமைகளில் ஒரு மாஸ்டர் வந்து அவளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தார். ஒருநாள் தேநீர் கொண்டுபோன றுக்கியாவைப் பார்த்து அந்த மகள் புத்தகத்தில் இருந்தபடியே, “உன் பெயர் என்ன?” என்று கேட்டாள். றுக்கியாவுக்கு உடம்பெல்லாம் பூரித்துவிட்டது. “என்ட பேரு றுக்கியா” என்றாள். உள்ளேயிருந்து நோனாவின் குரல் வந்தது. அந்த வாயிலிருந்து ஒன்றும் படிக்காதே, அது வேலைக்காரத் தமிழ், மாஸ்டருக்குக் காசு கொடுப்பது எதற்கு என்றது அந்தக் குரல். மகள் தலையைக் குனிந்து புத்தகத்தைப் பார்த்தாள். மாஸ்டர் தேநீரை எடுத்துக் குடித்தார்.

கலியாணம் பேச வந்தபோது, பிள்ளை புத்தளத்தில் சாச்சி வீட்டில் நின்று குர்ஆன் ஓதினாள் என்று றுக்கியாவின் உம்மா மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்லிவிட்டாள். சிங்கள வீட்டில் வேலைக்கு நின்றவள் என்றால் எவன் கட்டுவான்? அன்றைக்கு மாரவிலை மூடப்பட்டது. அதோடு சிங்களமும் மூடப்பட்டது.

நூர்தீன் ஹாஜியார் கரைக்கு வந்தபோது அவருடைய வெள்ளைச் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது.

“வாங்க, நேவிக்காரன்ட போவம்” என்றார்.

“என்ன சொல்லப் போறீங்க ஹாஜியார்?” என்று கேட்டாள் றுக்கியா.

“அத நான் பாத்துக்கொள்றன் மகள். நீங்க ரெண்டு பேரும் வந்து அழுதாப் போதும்.”

சாரா உம்மா சீலையை உதறிக்கொண்டு எழும்பினாள். “அதுக்கு என்னய மட்டும் கூட்டிப் போங்க. இவ அழமாட்டா.”

காவலரண் மணல் மூட்டைகளும் தகரக் கூரையுமாக இருந்தது. அதிகாரி முப்பது வயதைத் தாண்டாதவன். ஹாஜியாரைக் கண்டதும் ஒரு கதிரையைக் காட்டினான். பெண்கள் இருவரும் கூரை நிழல் முடிகிற இடத்தில் நின்றார்கள். சாரா உம்மா சொன்னபடி அழுதாள்; அது நடிப்பு அல்ல.

ஹாஜியார் சிங்களத்தில் தொடங்கினார். இரண்டு ஏழைப் பையன்கள், மாத்தயா. வலையோடு போனவர்கள். நேர் மேற்கே, ஆழ்கடலுக்கு. என்ஜின் பழுதாகியிருக்க வேண்டும். இவர்கள் தாயும் மனைவியும்.

றுக்கியா நிழலை விட்டு ஓரடி முன்னே வந்தாள். அதிகாரி மேசையில் விரிந்திருந்த வரைபடத்தில் கண்டக்குழிக்கு நேர் மேற்கே விரலை வைத்தான். பக்கத்தில் நின்ற சிப்பாய் அதைக் குறித்துக்கொண்டான். கீழே இறங்குதுறையில் கடற்படைப் படகின் என்ஜினை உறுமவிட்டுப் பார்த்தார்கள். அந்தப் படகு மேற்கே போகும். மாலைவரை ஒன்றுமில்லாத கடலில் தேடும். இருட்டியதும் திரும்பி வரும். அஸாமோ வடக்கே, குதிரைமலைக்கு வெளியே, வாடை தள்ளத் தள்ளத் தூரம் போய்க்கொண்டிருப்பான்.

“ஹாஜியார்” என்றாள் அவள் தமிழில். “மேற்குக்கில்ல. குதிரைமலைக்கெண்டு சொல்லுங்க.”

ஹாஜியார் அதிகாரியைப் பார்த்துச் சிரித்த சிரிப்பை மாற்றாமலே தமிழில் சொன்னார்: “வாயப் பொத்து புள்ள. எனக்குத் தெரியும் என்ன செய்யோணுமெண்டு. என்ட ரெண்டு போட்ட நாளைக்கு அங்கால அனுப்பிறன்.”

“நாளைக்கா?”

அவள் என்ன சொல்கிறாள் என்று அதிகாரி கேட்டான். பிள்ளைகள் வீட்டில் அழுகிறார்களாம், கெதியாகப் போகச் சொல்லி மன்றாடுகிறாள் என்றார் ஹாஜியார். அதிகாரி அவளைப் பார்த்து இரக்கத்தோடு தலையாட்டினான்.

தன் கண் முன்னாலேயே தன் வாயில் வேறு வார்த்தையை வைக்கிறார்கள். அதை அவள் சொல்லுக்குச் சொல் விளங்கிக்கொண்டு நிற்கிறாள். இறங்குதுறையில் ஒருவன் கயிற்றை அவிழ்த்தான்.

அவள் வாயைத் திறந்தாள். கெஞ்ச வேண்டும் என்றுதான் திறந்தாள். “ஐயா, தயவுசெய்து” என்பதைச் சிங்களத்தில் தேடினாள். தலைக்குள் அப்படி ஒரு சொல் இருக்கவில்லை. எமிலியா நோனாவின் வீட்டில் நோனா எவரையும் கெஞ்சியதில்லை. கெஞ்சியவள் ஒருத்திதான், அவளும் வாய் திறக்காமல் கெஞ்சியவள்.

“மெஹே பலபன்!”

இங்கே பார். லொறிச் சாரதிக்கும் தேங்காய் பறிக்கிறவர்களுக்கும் நோனா போடுகிற சத்தம். தகரக் கூரையில் பட்டு எதிரொலித்தது. சிப்பாயின் கை துப்பாக்கி வாரைப் பிடித்தது. சாரா உம்மாவின் அழுகை பாதியில் அறுந்து நின்றது.

“பொரு! இவன் சொல்வது பொய்! மரம் மாதிரி நிற்காதே. மேற்கே அல்ல, குதிரைமலை. அந்தப் படகை வடக்கே திருப்பு. இப்போதே திருப்பு. எத்தனை தரம் சொல்வது?”

ஒரு தரம்தான் சொல்லியிருந்தாள். ஆனால் அந்த வசனம் அப்படித்தான் முடியும். ஏழு வருடமாக அது அப்படித்தான் முடிந்தது.

அதிகாரியின் முகம் சிவந்தது. யாரோடு பேசுகிறாய் என்று தெரியுமா என்று கேட்டபடி எழுந்தான். ஹாஜியாரும் கதிரையை விட்டு அரைவாசி எழும்பினார். அவருடைய சிரிப்பு இப்போது எங்கேயும் இல்லை.

றுக்கியாவின் கைகள் அவளை அறியாமல் வயிற்றின் முன் கோர்த்துக்கொண்டன. தலை குனிந்தது. கால்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. சமையலறை வாசலில் நின்ற நிலை அது. அப்படி நின்றுகொண்டே, மண்ணைப் பார்த்துக்கொண்டே, நோனாவின் குரலில் மீண்டும் சொன்னாள்: “நேரத்தை வீணாக்காதே. அவர்கள் செத்தால் உன்னைத்தான் கேட்பேன்.”

அதிகாரி அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தான். அந்த நிலையும் அந்தக் குரலும் ஒரே ஆளுடையதாக அவனுக்குப் படவில்லை. தணிந்த குரலில் கேட்டான். “சிங்களம் எங்கே படித்தாய்?”

“மாரவிலையில். வீட்டு வேலைக்கு நின்றேன். ஏழு வருடம்.”

பதின்மூன்று வருடமாக அஸாமிடம் சொல்லாததை, முன்பின் தெரியாத ஒருவனிடம் சொல்லிவிட்டாள். அவனுக்கு அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று விளங்கியிருக்க வேண்டும். இறங்குதுறைப் பக்கம் கையைக் காட்டிப் படகை நிறுத்தினான்.

“வலையோடு எவரும் குதிரைமலைக்குப் போவதில்லையே. அவர்கள் எதற்காகப் போனார்கள்?”

இதைத்தான் அவள் பயந்தாள்.

“மகள், வேணாம்” என்றார் ஹாஜியார் தமிழில். அவருடைய குரல் உடைந்திருந்தது. “அத மட்டும் சொல்லாத. உசிரோட வந்தாலும் மறியலுக்குத்தான் போவானுகள். போட்டும் போச்செண்டா எனக்கும் சோறில்ல, ஒங்களுக்கும் சோறில்ல. அகதியா வந்தவங்களுக்கு இந்தக் கரையில எடம் தந்தது யாரு? யோசிச்சுப் பாரு.”

சாரா உம்மாவுக்கு அப்போதுதான் நடப்பது விளங்கியது. முக்காடு சரிய முன்னால் வந்தாள்.

“மறியலா? மறியலுக்குப் போனா சோறு கொண்டுபோய்க் குடுக்கலாம் ஹாஜியார். கடலுக்குள்ள கொண்டுபோய்க் குடுக்கேலுமா? சொல்லுடி றுக்கியா! நீ என்ன பாசையில கத்தினியோ, அந்தப் பாசையிலயே சொல்லு!”

றுக்கியா சொன்னாள். அட்டைக்கு. பாஸ் இல்லை. இரவு சுழியோடப் போனார்கள்.

அதிகாரி வரைபடத்தில் விரலை வடக்கே நகர்த்தினான். குதிரைமலையிலிருந்து காற்று போகும் திசையில் ஒரு கோடு இழுத்தான். படகு புறப்பட்டு, வடக்கே திரும்பியது.

பிறகு காத்திருந்தார்கள். வானொலிக் கருவி இரைந்துகொண்டிருந்தது. அஸர் தொழுதுவிட்டு வருகிறேன் என்று ஹாஜியார் போனார். திரும்பி வரவில்லை. சாரா உம்மா றுக்கியாவின் தோளில் சாய்ந்திருந்தாள். ஒவ்வொரு முறை இரைச்சலுக்குள் குரல் கேட்டபோதும், “என்னவாம்? என்னவாம்?” என்று உலுக்கினாள். ஒன்றுமில்லையாம் மாமி. இன்னும் தேடுறாங்களாம் மாமி. ஒருமுறை, மிதக்கும் எண்ணெய்க் கலன் ஒன்று கிடைத்தது என்று கேட்டது. அதை அவள் மாமிக்குச் சொல்லவில்லை. விளங்காமல் இருப்பதில் இருக்கும் நிம்மதி என்னவென்று அப்போது அவளுக்குத் தெரிந்தது.

வெயில் சாயும் நேரம் வானொலியில் ஒருவன் வேகமாகப் பேசினான். அவன் முடிக்கும் முன்பே றுக்கியா மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

“என்னடி? சொல்லித் தொலையன்!”

“ரெண்டு பேராம் மாமி. ரெண்டு பேரும் உசிரோடயாம்.”

படகு அந்தியில் வந்து சேர்ந்தது. றிம்ஸானைத் தூக்கித்தான் இறக்கினார்கள். சாரா உம்மா அவனைக் கட்டிப்பிடித்து, ஏசி, முதுகில் அறைந்து, மறுபடி கட்டிப்பிடித்தாள். அஸாம் போர்வையைச் சுற்றிக்கொண்டு நடந்து வந்தான். உதடுகள் உப்பில் வெடித்திருந்தன. என்ஜின் நின்றுபோய், நங்கூரக் கயிறும் அறுந்து, இரவு முழுக்கக் காற்றோடு போயிருந்தார்கள். சிலிண்டர்களையும் அட்டைச் சாக்கையும் சிப்பாய்கள் தனியாக இறக்கி வைத்தார்கள்.

வாக்குமூலம் எடுக்க வேண்டும், பிறகு பொலிஸ் ஜீப் வரும் என்றான் அதிகாரி. மொழிபெயர்க்க ஹாஜியார் இல்லை. அவன் றுக்கியாவைக் கூப்பிட்டான்.

“எங்க போனீங்க எண்டு கேக்கிறாரு” என்றாள் அவள் அஸாமிடம்.

“ஆரு?”

“இவருதான்.”

“ஒனக்கெப்படி விளங்கும்?”

“அது பொறகு. கேட்டதுக்குச் சொல்லுங்க.”

அஸாம் அவளையே பார்த்தபடி பதில் சொன்னான். அவள் அதைச் சிங்களமாக்கினாள். அவனுடைய களைத்த, அமுங்கிய வார்த்தைகள் அவளுடைய வாயிலிருந்து அதட்டலாக வெளிவந்தன. அதிகாரி எழுதிக்கொண்டே ஒருமுறை புருவத்தை உயர்த்தினான். அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் மெதுவாகச் சொல்லும் சிங்களம் அவளிடம் இல்லை.

“யார் அனுப்பினது எண்டு கேக்கிறாரு.”

அஸாம் உடனே சொன்னான்: “ஒருத்தரும் அனுப்பல்ல. நாங்களாத்தான் போன.” அவன் கண்கள் மற்றதைச் சொல்லின. ஹாஜியாரைக் காட்டிக் கொடுத்துவிட்டு இந்தக் கரையில் எவனிடம் போய்த் தொழில் கேட்பது?

அதிகாரி பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். அஸாமுக்குச் சிங்களம் தெரியாது. அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. நடுவில் அவள் எதைச் சொன்னாலும் அதுதான் உண்மையாகிவிடும். மத்தியானம் ஹாஜியார் இருந்த இடம் இதுதான்.

“யாரும் அனுப்பவில்லை என்று இவர் சொல்கிறார்” என்றாள். அதிகாரி எழுதினான். அவன் எழுதி முடிக்கும்வரை பொறுத்திருந்து, “படகு ஹாஜியாருடையது. போகச் சொன்னவரும் அவர்தான். இதை இவர் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். என் பெயரில் எழுது” என்றாள்.

பிறகு அஸாமின் பக்கம் திரும்பினாள்.

“நீங்க சொன்னத அப்படியே சொல்லிட்டன். அதுக்குப் பொறகு ஹாஜியார்ட பேரயும் சொல்லிட்டன். நான் சொன்னதாத்தான் எழுதச் சொன்ன.”

அஸாம் கண்ணை மூடிக்கொண்டான். திட்டுவான் என்று அவள் எதிர்பார்த்தாள். அவன் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டான்.

பின்னால் வழக்கு நடந்தது. தண்டம் கட்டினார்கள். ஹாஜியார் தன் பங்குக்குக் கட்டிவிட்டுத் தப்பிக்கொண்டார். அஸாமுக்குக் கரையில் படகு கொடுக்க ஆள் இல்லாமல் போக, அவனும் றுக்கியாவும் வண்ணாத்திவில்லுப் பக்கம் கூலிக்கு மரக்கறித் தோட்டம் செய்யப் போனார்கள். கடலுக்கடியில் மூச்சை அடக்கத் தெரிந்தவன் மண்வெட்டி பிடிக்கப் பழகினான். சாரா உம்மா மட்டும் கண்ட இடமெல்லாம், “நேவிக்காரன மரமெண்டு ஏசினவடி இவ” என்று சொல்லிச் சிரிப்பாள். அதெல்லாம் பிறகு.

அந்த அந்தியில் ஜீப் வருவதற்குத் தாமதமாகியது. அஸாமைக் கூரைத் தூணுக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார்கள். சிப்பாய் ஒருவன் நீட்டிய கோப்பைத் தேநீரை வாங்கி றுக்கியா அவனிடம் கொடுத்தாள். அவன் வாங்கிக்கொண்டு கேட்டான்.

“சாச்சி வீட்டுல ஓதினதெண்டு சொன்னது?”

“பொய். உம்மா சொன்ன பொய். சிங்கள ஊட்டுல வேலைக்கு நிண்ட. மாரவிலையில.”

“எத்தின வருஷம்?”

“ஏழு.”

அவன் தேநீரை ஊதினான். வெடித்த உதட்டில் சூடு பட்டு முகத்தைச் சுளித்தான்.

“அடிச்சாங்களா?”

“இல்ல. கதைக்க விடல்ல.”

அஸாம் கொஞ்சம் நகர்ந்து, தூணுக்குப் பக்கத்தில் அவளுக்கு இடம் விட்டான். “இரி” என்றான். “ஜீப் வாற மட்டும் கதை.”

எங்கே தொடங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை. சமையலறை வாசலில் ஏந்தி நின்ற தட்டத்திலிருந்து தொடங்கினாள்.